நான் தயங்கிய இடத்தில்: மகளிர் நல மருத்துவர்களுக்குச் செல்லியல் ஆய்வகத்திலிருந்து ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மகளிர் நல மருத்துவர்களுக்கு,

வணக்கம். உங்களில் பெரும்பாலோருக்கு என்னைத் தெரியாது. அறிக்கையின் கீழே இருப்பது எங்கள் நோய்க்குறியியல் மருத்துவரின் கையெழுத்து. அதற்கு முன்பு, நீங்கள் கருப்பை வாயிலிருந்து எடுத்து அனுப்பும் செல்களை முதல் ஆளாகப் பார்த்து, சந்தேகப்பட்ட இடத்தில் பேனாவால் புள்ளி வைப்பது என்னைப் போன்றவர்களின் வேலை. 22 ஆண்டுகளாக அதைத்தான் செய்கிறேன். லட்சக்கணக்கான பெண்களின் செல்களைப் பார்த்த எனக்கு, அவர்களில் ஒருவரையும் நேரில் பார்க்க வாய்த்ததில்லை, சென்ற ஆண்டு வரை.

ஆய்வகத்தை மூடும் நேரம். நாற்பதைத் தாண்டிய ஒரு பெண்மணி உள்ளே வந்தார். நான்காக மடித்து மடித்துக் கிழியத் தொடங்கியிருந்த ஓர் அறிக்கையை மேசையில் விரித்தார். “இதை எழுதியது யார்?” என்று கேட்டார். நான்தான் என்றேன். “அப்படியானால் நீங்களே சொல்லுங்கள். எனக்குப் புற்றுநோய் இருக்கிறதா, இல்லையா?”

அறிக்கையில் ‘ஆஸ்கஸ்’ என்று இருந்தது. அந்தச் சொல்லின்மேல் அவருடைய மருத்துவர் கருப்பையை எடுத்துவிட நாள் குறித்திருந்தார். இரண்டு மாத விடுப்புக்கு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தாயிற்று. மாதிரி இருந்த குப்பியை அதற்குள் நாங்கள் கழித்துக் கட்டியிருந்தோம். எங்கள் மருத்துவர் அவருடைய மருத்துவரிடம் பேசினார். மீண்டும் மாதிரி எடுத்தார்கள். கருப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் எச்.பி.வி. என்ற வைரஸின் உயர் ஆபத்து வகைகளைத் தேடும் பரிசோதனை செய்தோம். வைரஸ் இல்லை. அறுவை சிகிச்சை கைவிடப்பட்டது. அந்தப் பெண்மணி அதற்கு முன் ஐந்து வாரம் தூங்கவில்லை என்பதை மட்டும் யாராலும் கைவிட முடியவில்லை.

அந்த மருத்துவரைக் குறை சொல்லி இதை எழுதவில்லை. அவர் அஞ்சினார், அவ்வளவுதான். எனக்கு உறுத்துவது என் பங்கு. நான் தயங்கி எழுதிய ஒரு சொல், என் மேசையை விட்டுப் போய் உங்கள் மேசைக்கு வருவதற்குள் நோயின் பெயராக மாறிவிடுகிறது. அது எப்படி மாறுகிறது, அதைத் தடுக்க நீங்களும் நாங்களும் என்ன செய்யலாம் என்பதைப் பேசத்தான் இந்த மடல்.

முதலில் அந்தச் சொல். இந்தச் செல் பரிசோதனையை உருவாக்கிய ஜார்ஜ் பாப்பனிக்கோலாவ் காலத்தில் அறிக்கைகள் ஒன்று முதல் ஐந்து வரை வகுப்பு எண்களாக இருந்தன. இரண்டாம் வகுப்பு என்றால் ஓர் ஆய்வகத்தில் ஒரு பொருள், அடுத்த ஆய்வகத்தில் வேறொரு பொருள். இந்தக் குழப்பத்தைத் தீர்க்க 1988இல் அமெரிக்காவின் பெதஸ்டாவில் கூடியவர்கள் ஒரு பொதுவான சொல் தொகுதியை உருவாக்கினார்கள். அதில் வந்ததுதான் ஆஸ்கஸ். விரித்துச் சொன்னால், ‘பொருள் இன்னதென்று தீர்மானிக்க முடியாத, இயல்பு பிறழ்ந்த தட்டைச் செல்கள்’. எவ்வளவு நேர்மையான பெயர் பாருங்கள்! தெரியவில்லை என்பதைப் பெயரிலேயே ஒப்புக்கொள்கிறது. சொல்லப்போனால் அது நோயின் பெயரே அல்ல. நுண்ணோக்கிக்குப் பின்னால் இருப்பவரின் மனநிலையின் பெயர்.

நான் எதைப் பார்த்துத் தயங்குகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். சாயமேற்றிய ஸ்லைடில் மேலடுக்குச் செல்கள் இளஞ்சிவப்பாகவும் ஆரஞ்சாகவும், இடையடுக்குச் செல்கள் நீலம் கலந்த பச்சையாகவும் பரந்து கிடக்கும். ஒவ்வொன்றின் நடுவிலும் கருநீலத்தில் ஒரு கரு. அந்தக் கருவின் பரப்பு, இயல்பான இடையடுக்குச் செல்லின் கருவைப்போல இரண்டரை முதல் மூன்று மடங்கு பெருத்திருந்து, ஓரம் சற்றே ஒழுங்கு குலைந்திருந்தால் கை நின்றுவிடும். கருவைச் சுற்றிக் குடைந்தெடுத்ததுபோல ஒரு வெளிறிய வளையமும் சேர்ந்து இருந்தால் அது எச்.பி.வி.யின் வேலை என்று தைரியமாக எழுதலாம். வளையம் இருப்பதுபோலவும் இல்லாததுபோலவும் இருந்தால்? பூஞ்சைத் தொற்றிலும் கரு வீங்கும். மாதவிடாய் நின்றபின் செல்கள் மெலிந்து, கருதான் பெரிதாகத் தெரியும். ஸ்லைடைத் திரவத்தில் போடுவதற்குச் சில வினாடிகள் தாமதித்தால் காற்றில் உலர்ந்தே கரு பருத்துவிடும். இத்தனை வேடங்களுக்கு நடுவில் உண்மையான மாற்றத்தை நான் தேடுகிறேன். தவறவிட்டால் என்ன ஆகும் என்ற பயம் எப்போதும் தோளில் உட்கார்ந்திருக்கிறது. அமெரிக்காவில் ஒருவர் 24 மணி நேரத்தில் 100 ஸ்லைடுகளுக்கு மேல் பார்க்கக்கூடாது என்று விதியே உண்டு. களைத்த கண் பிழை செய்யும் என்று அங்கே யாரோ ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

களைக்காத கண்ணும் பிழை செய்யும். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் மருத்துவர் ஒரு சோதனை வைத்தார். நான் ஏற்கெனவே பார்த்த பழைய ஸ்லைடுகளை எண்களை மறைத்து என்னிடமே கொடுத்தார். முன்பு நான் ஆஸ்கஸ் என்று எழுதிய பத்தில் மூன்றை, இம்முறை இயல்பு என்று எழுதியிருந்தேன். ஒன்றை இன்னும் மோசமாக எழுதியிருந்தேன். அன்று வீட்டுக்குப் போகும்போது பெரிய வெட்கமாக இருந்தது. பிறகு 2001இல் வெளியான ஓர் ஆய்வைப் படித்தபோது வெட்கம் கொஞ்சம் தணிந்தது. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் நடத்திய ஆல்ட்ஸ் ஆய்வில், ஆஸ்கஸ் என்று முதலில் எழுதப்பட்ட 1,473 ஸ்லைடுகளைத் தேர்ந்த நிபுணர்களிடம் மறுபடி காட்டினார்கள். முதல் கருத்தோடு அவர்கள் உடன்பட்டது 43 சதவீதத்தில்தான். நாணயத்தைச் சுண்டிப் பார்ப்பதற்கும் இதற்கும் பெரிய தூரமில்லை. இதன்மேல் ஒரு பெண்ணின் கருப்பையை எடுக்க நாள் குறிக்கலாமா?

இன்னொரு பக்கமும் இருக்கிறது. “மூன்று மாதம் கழித்து மறுபடி ஸ்மியர் எடுப்போம்” என்று அனுப்பி வைப்பவர்களும் உங்களில் உண்டு. ஸ்மியர் என்பது கருப்பை வாய்ச் செல்களை எடுத்து ஸ்லைடில் பார்ப்பதுதான். ஆகவே என்னிடமே அதே கேள்வியை மறுபடி அனுப்புகிறீர்கள். முதல் முறை தயங்கிய நான் இரண்டாம் முறையும் தயங்குவேன். ஒருமுறை இயல்பு, ஒருமுறை ஆஸ்கஸ், மறுபடி இயல்பு என்று ஒரே பெண்ணின் பெயர் இரண்டு மூன்று ஆண்டுகள் எங்கள் பதிவேட்டில் ஊஞ்சலாடியதைப் பார்த்திருக்கிறேன். பிறகு திடீரென்று அந்தப் பெயர் வருவது நின்றுவிடும். குணமாகி நின்றதா, சலித்துப்போய் நின்றதா என்று பதிவேட்டுக்குத் தெரியாது.

நான் தயங்குமிடத்தில் கேட்க வேண்டிய கேள்வி வேறு. இந்தச் செல் பார்க்க எப்படி இருக்கிறது என்பதை விட்டுவிட்டு, இதற்குள் அந்த வைரஸ் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கு மட்டும் இப்படிக் கேட்க முடிவது ஏன் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் ஒருமுறை நினைவுபடுத்த அனுமதியுங்கள். ஹரால்ட் சூர் ஹாவுசன் 1983இல் எச்.பி.வி. 16ஆம் வகையையும் அடுத்த ஆண்டு 18ஆம் வகையையும் இந்தப் புற்றுநோயின் திசுக்களில் கண்டறிந்தார். ஹெர்பிஸ் வைரஸ்தான் காரணம் என்று பலரும் சாதித்த காலத்தில் வேறு பாதையில் போனவர் அவர். 2008இல் நோபல் பரிசு வந்தது. 1999இல், உலகெங்கும் இருந்து திரட்டிய கருப்பை வாய்ப் புற்றுநோய்த் திசுக்களை மறு ஆய்வு செய்தபோது 99.7 சதவீதத்தில் எச்.பி.வி. இருந்தது. இவ்வளவு ஒட்டியிருக்கும் காரணமும் நோயும் மருத்துவத்தில் அரிது. வைரஸின் இரண்டு புரதங்கள், இ6, இ7 என்பவை, செல் தாறுமாறாகப் பெருகாமல் காவல் காக்கும் நம்முடைய இரண்டு புரதங்களை முடக்கிவிடுகின்றன. காவல் போன வீட்டில் என்ன நடக்குமோ அதுதான் பல ஆண்டுகளில் நடக்கிறது.

எச்.பி.வி.யில் 200க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. அவற்றில் புற்றுநோயை உண்டாக்குபவை என்று உறுதியானவை சுமார் ஒரு டஜன். அதிலும் 16, 18 இரண்டும் மட்டுமே சுமார் 70 சதவீதப் புற்றுநோய்களுக்குக் காரணம். பரிசோதனைக் கருவிகள் தேடுவது இந்த உயர் ஆபத்து வகைகளை. மருக்களை உண்டாக்கும் 6, 11 போன்ற வகைகளைத் தேடிப் பயனில்லை. அவையும் வேண்டும் என்று படிவத்தில் குறித்து அனுப்புபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்த முடிவை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறோம் என்று நான் கேட்டால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

மேலே சொன்ன ஆல்ட்ஸ் ஆய்வுதான் என் வேண்டுகோளுக்கு அடிப்படை. ஆஸ்கஸ் அறிக்கை வந்த சுமார் 3,500 பெண்களை மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு உடனே கால்போஸ்கோபி, அதாவது கருப்பை வாயை உருப்பெருக்கிக் கருவியால் நேரில் பார்ப்பது. இன்னொரு குழுவுக்கு எச்.பி.வி. முடிவைப் பார்த்து, தேவையானவர்களுக்கு மட்டும் கால்போஸ்கோபி. மூன்றாவது குழுவுக்கு மறுபடி மறுபடி ஸ்மியர். எச்.பி.வி. பரிசோதனை, சி.ஐ.என். 3 எனப்படும் புற்றுநோய்க்கு முந்தைய கடுமையான மாற்றம் அல்லது அதைவிட மோசமான மாற்றம் இருந்தவர்களில் 100க்கு 96 பேரைக் காட்டிக் கொடுத்தது. அதற்காகக் கால்போஸ்கோபிக்கு அனுப்ப வேண்டியிருந்தவர்கள் 100க்கு 56 பேர். ஒருமுறை ஸ்மியரை மறுபடி எடுத்து, அதில் ஆஸ்கஸ் அளவுக்குச் சந்தேகம் வந்தாலே அனுப்பியபோது, 100க்கு 59 பேரை அனுப்பியும், அந்த மாற்றம் இருந்தவர்களில் பிடிபட்டது 100க்கு 85 பேர். அதாவது, ஏறக்குறைய அதே எண்ணிக்கைப் பெண்களை மேசையில் ஏற்றிவிட்டு, அதிகமான நோயைத் தவறவிட்டார்கள்.

இதன் மறுபாதிதான் எனக்கு இன்னும் பிடித்தது. ஆஸ்கஸ் வந்து, வைரஸ் இல்லை என்றும் வந்துவிட்ட பெண்ணுக்கு, அந்த நேரத்தில் சி.ஐ.என். 3 இருக்கும் வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்றுக்கும் கீழே. மூன்று ஆண்டு கழித்து வரச் சொன்னால் போதும் என்று அமெரிக்க நெறிமுறைகள் சொல்வது அதனால்தான். வைரஸ் இருக்கிறது என்றால் அந்த வாய்ப்பு சுமார் 4 சதவீதம். அங்கே 2019இல் எழுதிய நெறிமுறைகள் கால்போஸ்கோபிக்கு அனுப்பக் கோடு கிழித்திருப்பதும் அந்த நான்கில்தான். ஒரே சொல்லை எழுதிய என் பேனாவுக்குக் கீழே, ஒன்றுமில்லாதவரும் உடனே பார்க்க வேண்டியவரும் சேர்ந்து நின்றிருக்கிறார்கள். என் கண்ணால் அவர்களைப் பிரிக்க முடியவில்லை. குப்பியில் மிச்சமிருக்கும் சில மில்லிலிட்டர் பிரித்துவிடுகிறது.

மிச்சம் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. திரவ முறையில் மாதிரி எடுத்தால் ஸ்லைடு தயாரித்தபின்னும் குப்பியில் செல்கள் இருக்கும். ஸ்லைடில் தயக்கம் வந்ததும் அதே குப்பியிலிருந்து எச்.பி.வி. பார்க்கலாம். அந்தப் பெண் மறுபடி வர வேண்டாம், மறுபடி மேசையில் ஏற வேண்டாம், அறிக்கைக்காக இரண்டு முறை பயப்பட வேண்டாம். ‘ஆஸ்கஸ் வந்தால் உயர் ஆபத்து எச்.பி.வி. பார்க்கவும்’ என்று நீங்கள் முதலிலேயே படிவத்தில் எழுதி, அவரிடமும் சொல்லி வைத்தால் போதும். நேரடியாக ஸ்லைடில் தேய்த்து அனுப்புபவர்களுக்கு இந்த வசதி இல்லை. அவர்கள் அதே அமர்விலேயே இன்னொரு பிரஷ்ஷை எடுத்துத் தனிக் குப்பியில் போட்டு அனுப்பலாம்.

ஆனால், ஆர்வத்தில் இதை எல்லா அறிக்கைக்கும் கேட்டுவிடாதீர்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன் நடந்ததைச் சொல்கிறேன். அதற்கு முன் ஒரு சிறு குறிப்பு: தட்டைச் செல்களில் உயர் தர மாற்றத்துக்கு ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து நாங்கள் ‘ஹெச்சில்’ என்போம். புதிதாக வந்த எழுத்தர் ஒருவர் அதைக் காதால் கேட்டு, பதிவேட்டில் ‘எச்சில்’ என்று வரிசையாக எழுதி வைத்திருந்தார். ஒரு மாதம் கழித்துத்தான் கண்டுபிடித்தோம். சிரித்து முடித்துப் பக்கங்களைத் திருத்திக்கொண்டிருந்தபோது, அந்த எச்சில்களில் ஒன்றுக்கு எதிரே எச்.பி.வி. ‘இல்லை’ என்று இருப்பதை எங்கள் மருத்துவர் கவனித்தார். ஏன் கேட்டார்கள் என்று விசாரித்தால், வைரஸ் இல்லை என்று வந்ததால் மூன்று ஆண்டு கழித்து வரச் சொல்லி அந்தப் பெண்ணை அனுப்பியிருக்கிறார்கள். அவசரமாகத் திரும்ப அழைத்துக் கால்போஸ்கோபி செய்தார்கள். பயாப்ஸியில் சி.ஐ.என். 3. பதிவேட்டில் எழுத்துப் பிழை இல்லாமல் இருந்திருந்தால் யாரும் அந்தப் பக்கத்தைத் திருப்பியிருக்க மாட்டோம். அதை நினைத்தால் இன்றும் வயிற்றைப் பிசைகிறது.

ஹெச்சில் என்று நான் எழுதும்போது தயக்கம் இல்லை. அங்கே எச்.பி.வி. முடிவு எதுவாக இருந்தாலும் கால்போஸ்கோபி வேண்டும். உயர் தர மாற்றத்தை விலக்க முடியவில்லை என்று எழுதும் ‘ஆஸ்க்-ஹெச்’ அறிக்கைக்கும் அப்படியே. சுரப்பிச் செல்களில் பிறழ்வு என்று வந்தாலும் வைரஸ் இல்லை என்பதைக் காட்டி விட்டுவிடக்கூடாது. கருப்பை வாயின் சில சுரப்பிப் புற்றுநோய்கள் வைரஸ் இல்லாமலே வருபவை, கோளாறு மேலே கருப்பையின் உட்சுவரிலும் இருக்கலாம். உடலுறவுக்குப் பின்னோ மாதவிடாய் நின்ற பின்னோ இரத்தம் படுகிறது என்று வருபவருக்கு, எந்த ஆய்வக முடிவும் உங்கள் கண்ணுக்கும் கைக்கும் மாற்றாகாது.

லேசான மாற்றத்துக்கும், அதாவது ‘எல்சில்’ என்று நாங்கள் எழுதுவதற்கும், பெரும்பாலும் இது வீண். ஆல்ட்ஸ் ஆய்விலேயே அந்தப் பெண்களில் 83 சதவீதம் பேருக்கு வைரஸ் இருந்ததால், யாரை விடுவது என்று பிரிக்க முடியாமல் அந்தக் குழுவைப் பாதியில் நிறுத்திவிட்டார்கள். எல்சில் என்பதே அந்த வைரஸ் தொற்றின் முகம்தான். மாதவிடாய் நின்ற பெண்கள் மட்டும் விதிவிலக்கு. வயதானால் செல்கள் எங்களை ஏமாற்றும், வைரஸும் குறைந்திருக்கும். அங்கே பரிசோதனை உண்மையிலேயே பிரித்துக் காட்டும். மறுகோடியில் 25 வயதுக்கு உட்பட்டவர்கள். அந்த வயதில் வைரஸ் அவ்வளவு சாதாரணம், உடல் அதைத் துரத்திவிடுவதும் அவ்வளவு சாதாரணம். நேர்மறை என்று வந்தால் யாருக்கும் லாபமில்லை, ஒரு இளம்பெண்ணின் நிம்மதி மட்டும் போகும். ஓராண்டு கழித்து ஸ்மியரை மறுபடி பார்த்தால் போதும்.

நீங்கள் அஞ்சுவது எதற்கென்றும் எனக்குத் தெரியும். விட்டுவிட்டுப் பிறகு புற்றுநோயாக வந்து நின்றால் என்ன செய்வது? அந்த அச்சத்துக்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. நியூசிலாந்தின் ஆக்லாந்தில் ஒரு மருத்துவமனையில் 1960களிலும் 70களிலும் சி.ஐ.என். 3 இருந்த பெண்கள் சிலருக்குச் சிகிச்சை தராமல் வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தார்கள், அவர்களுக்கே சொல்லாமல். 1987இல் அரசு விசாரணை வைத்து அந்த அக்கிரமம் வெளியே வந்தது. பழைய பதிவுகளைத் தோண்டி 2008இல் வெளியிட்ட கணக்கின்படி, திசுத் துணுக்கு எடுத்ததோடு விடப்பட்ட பெண்களில் 30 ஆண்டுகளுக்குள் 31 சதவீதம் பேருக்குப் புற்றுநோய் வந்தது. முறையாகச் சிகிச்சை பெற்றவர்களில் 0.7 சதவீதம். இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் இருப்பவர்கள் அந்தப் பெண்கள். ஆகவே, சி.ஐ.என். 3 இருப்பவரை விடாதீர்கள் என்றுதான் நானும் சொல்கிறேன். ஆஸ்கஸ் அறிக்கையைக் கையில் வைத்திருக்கும் பெரும்பாலானவர்களுக்கு அது இல்லை. இருப்பவரைத் தேடிப் பிடிக்க, இல்லாதவர்கள் எல்லோரையும் அறுக்க வேண்டுமா?

அறுப்பதும் சும்மா இல்லை. கருப்பை வாயின் ஒரு பகுதியை மின் வளையத்தால் வெட்டி எடுத்தவர்களுக்குப் பிறகு குறைமாதப் பிரசவம் அதிகம் என்பது 2006 முதலே தொகுப்பாய்வுகளில் வந்துவிட்டது. வெட்டும் ஆழம் கூடக் கூட ஆபத்தும் கூடுகிறது. தேவையானவருக்கு அது கொடுத்தே தீர வேண்டிய விலை. என் தயக்கத்துக்காக ஒருவர் அந்த விலையைக் கொடுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

அடுத்தது நேர்மறை முடிவை அவரிடம் எப்படிச் சொல்வது என்பது. இதில் எனக்கு அனுபவம் இல்லை, உங்களுக்கு உண்டு. ஆனால் அந்தப் பெண்மணி வந்து போனபின் இன்னும் சிலர் எங்கள் வாசலுக்கு வந்தார்கள். ஒருவர் சொல்லி ஒருவர் வந்திருப்பார்கள் போல. அவர்கள் என்னிடம் கேட்டவற்றை உங்களிடம் சேர்க்கிறேன். வைரஸ் இருக்கிறது என்றால் புற்றுநோய் இருக்கிறது என்றே அவர்கள் காதில் விழுகிறது. ஒருவர் கேட்டார், “இது அவரிடமிருந்துதானே வந்திருக்கும்?” அவர் முகத்தைப் பார்த்தபோது, அந்தக் கேள்வியை அவர் வீட்டில் ஏற்கெனவே கேட்டுவிட்டு வந்திருக்கிறார் என்று புரிந்தது. வேறொருவரிடம் அதே கேள்வியைக் கணவர் கேட்டிருந்தார்.

உடலுறவு வாழ்க்கை உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு ஏதாவது ஒரு காலத்தில் இந்த வைரஸ் வந்துதான் போகிறது. பத்தில் ஒன்பது தொற்றுகள் இரண்டு ஆண்டுகளுக்குள் தாமாகவே அடங்கிவிடுகின்றன. சில பல ஆண்டுகள் பதுங்கியிருந்து பிறகு தலைகாட்டும். இன்று தெரிவது சென்ற மாதம் வந்ததா, திருமணத்துக்கு முன்பே யாரேனும் ஒருவரிடம் இருந்ததா என்று எந்தப் பரிசோதனையாலும் சொல்ல முடியாது. ஆண்களுக்கு இதைப் பார்ப்பதற்கென்று அங்கீகரிக்கப்பட்ட வழக்கமான பரிசோதனையும் கிடையாது. அடங்காமல் நிலைத்திருந்தால்தான் கவலை. அப்போதும் நல்ல நோயெதிர்ப்பு உள்ள உடலில் புற்றுநோயாக மாறப் பொதுவாக 15 முதல் 20 ஆண்டுகள் ஆகும். எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு அது வேகமாக நடக்கலாம், அவர்களை நெருக்கமாகக் கவனிக்க வேண்டும். இவ்வளவையும் சொல்ல ஐந்து நிமிடம் பிடிக்கும். வெளியே வரிசை நிற்பது எனக்கும் தெரியும். ஐந்து நிமிடம் இல்லையென்றால், “இது யார் நடத்தையையும் காட்டவில்லை, இது புற்றுநோயும் இல்லை” என்ற ஒரு வாக்கியத்தையாவது அறிக்கையைக் கையில் கொடுக்கும் முன்பே சொல்லிவிடுங்கள். கொடுத்தபின் சொல்வது காதில் ஏறுவதில்லை.

இனி என் சொந்தப் புலம்பல், சுருக்கமாக. நீங்கள் அனுப்பும் படிவத்தில் வயது என்ற கட்டம் பாதி நாள் காலியாக இருக்கிறது. மாதவிடாய் நின்றுவிட்டதா, கர்ப்பமா, கருத்தடை வளையம் வைத்திருக்கிறாரா, முன்பு என்ன அறிக்கை வந்தது என்பவை எல்லாம் எனக்கு அலங்காரம் இல்லை. வளையம் வைத்திருப்பவரின் சுரப்பிச் செல்கள் புற்றுநோயைப்போலவே நடிக்கும். 60 வயது என்று தெரிந்தால், மெலிந்த செல்களைப் பார்த்து நான் அவ்வளவு பதற மாட்டேன். ஒரு கட்டத்தை நிரப்ப உங்களுக்குப் பிடிக்கும் மூன்று வினாடிகளில், என் தயக்கங்களில் பாதி கரைந்துவிடும்.

மீதிப் பாதியைக் குறைப்பது எங்கள் பொறுப்பு. இங்கேயும் எச்.பி.வி. பரிசோதனை உதவுகிறது என்பதைச் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையற்றவன். ஓர் ஆய்வகம் ஆஸ்கஸ் என்று எழுதியவர்களில் எத்தனை பேருக்கு வைரஸ் இருந்தது என்று ஆண்டுக் கடைசியில் கணக்குப் போட்டால், ஏறக்குறையப் பாதி வர வேண்டும். மிகக் குறைவாக வந்தால் நாங்கள் நிழலைப் பார்த்துப் பயப்படுகிறோம். மிக அதிகமாக வந்தால் தெளிவான மாற்றங்களையும் துணிந்து எழுதாமல் ஆஸ்கஸ் என்ற போர்வைக்குள் தள்ளுகிறோம். உங்கள் ஆய்வகத்திடம் இந்த எண்ணைக் கேளுங்கள். சொல்லத் தெரியாத ஆய்வகத்தையும், சொல்ல மறுக்கும் ஆய்வகத்தையும் பற்றி நீங்கள் முடிவு செய்துகொள்ளலாம்.

இதையெல்லாம் எழுதும்போதே ஒன்று தெரிகிறது. ஆஸ்திரேலியாவும் நெதர்லாந்தும் 2017இலும், இங்கிலாந்து 2019இலும் வரிசையைத் திருப்பிப் போட்டுவிட்டன. முதலில் எச்.பி.வி.; வைரஸ் இருந்தால் மட்டும் அதே குப்பியிலிருந்து ஸ்மியர். உலகச் சுகாதார நிறுவனமும் 2021இல் முதல் பரிசோதனையாக எச்.பி.வி.யையே பரிந்துரைத்தது. அந்த முறை எல்லா இடத்துக்கும் வந்தால், என் மேசைக்கு வரும் ஸ்லைடுகள் இப்போது வருவதில் சிறு பங்காகிவிடும். எனக்குப் பின் இந்த நாற்காலிக்கு ஆள் தேவைப்படாமலும் போகலாம். அதற்காக வருத்தப்படுகிறேனா என்று சக ஊழியர் கேட்டார். முதுகுக்கு நல்லது என்றேன். அந்த நாள் வரும்வரை ஸ்மியர்தான் முதலில் வந்துகொண்டிருக்கும், நான் தயங்கிக்கொண்டிருப்பேன், அதனால்தான் இந்த மடல்.

அந்தப் பெண்மணி வந்த நாளிலிருந்து ஆஸ்கஸ் என்று எழுதிய குப்பிகளை உடனே கழிப்பதில்லை. தனித் தட்டில், பரிசோதனைக் கருவிக்கு ஏற்ற காலக்கெடு முடியும் தேதியை எழுதி வைக்கிறோம். இன்று காலை அந்தத் தட்டில் ஒன்பது குப்பிகள் இருந்தன. ஐந்துக்கு நீங்கள் முன்பே எழுதி அனுப்பியிருந்ததால் பரிசோதனை நடக்கிறது. மீதி நான்கின் படிவங்களில் எதுவும் குறிக்கவில்லை. இரண்டில் வயதுகூட இல்லை. நான்குக்கும் வரும் வெள்ளிக்கிழமையோடு கெடு முடிகிறது. அவற்றை அனுப்பியவர்களுக்கு எங்கள் மருத்துவர் இன்று பிற்பகல் தொலைபேசியில் அழைப்பார். தயவுசெய்து எடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் ஸ்லைடுகளைப் பார்க்கும் ஒருவன்